மூன்று பெட்டிகள், மூன்று வாக்குறுதிகள்: 2002-ன் கன்சோல் கணக்கு

2002 மே மாதம் பத்தே நாட்களுக்குள் அமெரிக்காவில் மூன்று கன்சோல்களின் (டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டிகளின்) விலையும் இறங்கியது. 14-ம் தேதி சோனி பிளேஸ்டேஷன் 2-ஐ 299 டாலரிலிருந்து 199-க்குக் கொண்டுவந்தது. மறுநாளே மைக்ரோசாஃப்டும் எக்ஸ்பாக்ஸுக்கு அதே 199-ஐ அறிவித்தது. அடுத்த வாரம் நின்டெண்டோ, 199-ல் விற்ற கேம்கியூபை 149 ஆக்கியது. ஆண்டு முடிவதற்குள் மூன்றும் ஆன்லைனுக்கும் வந்துவிட்டன: சோனியின் நெட்வொர்க் அடாப்டர் ஆகஸ்ட் 27-ல், நின்டெண்டோவின் மோடமும் பிராட்பேண்ட் (வேக இணைய) அடாப்டரும் அக்டோபரில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவ் நவம்பர் 15-ல்.

கன்சோல் வாங்குவதைப் பற்றி எழுத எத்தனையோ காலகட்டங்கள் இருக்க, நான் இந்த நவம்பரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆன்லைன் விளையாட்டை யார் நடத்துவது, யார் பணம் கட்டுவது, வீட்டில் எந்த இணைப்பு இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு மூன்று நிறுவனங்களும் ஒரே பருவத்தில் மூன்று வேறு பதில்களைச் சொன்னார்கள். அந்தப் பதில்களின் முடிவும் இன்று நமக்குத் தெரியும். அன்று திறந்த சேவைகள் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்கு மூடப்பட்டுவிட்டன. வாங்கியவர் எதற்குப் பணம் கொடுத்தார், கடைசியில் அவர் கையில் எது மிஞ்சியது என்று முதலிலிருந்து முடிவு வரை பார்க்க முடிகிற அபூர்வமான நிகழ்வு இது.

கடையில் கன்சோல் வாங்குபவர் பெட்டியைத்தான் பார்க்கிறார். ஆன்லைனுக்காக வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுப்பது, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் சர்வரை (ஆடுபவர்களை இணைக்கும் மையக் கணினியை) அணைக்காமல் வைத்திருப்பார் என்ற வாக்குறுதிக்கு. அந்த வாக்குறுதி யாருடையது, அது முறிந்தால் டிஸ்க்கில் என்ன மிச்சம் இருக்கும் என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடை போட வேண்டும் என்பது என் கட்சி.

நான்காவது பெட்டி

இந்த மூன்றுக்கும் முன்னால் போய்விட்ட ஒரு பெட்டியைச் சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் 1999 செப்டம்பர் 9-ல் 199 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 56 கிலோபிட் மோடம் அதோடு சேர்ந்தே வந்தது. தனியாக வாங்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பெரிய விஷயம். மோடம் தனியாக விற்கப்பட்டால், வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும் என்று கேம் தயாரிப்பவருக்குத் தெரியாது. எல்லாப் பெட்டியிலும் இருந்தால் ஆன்லைன் பகுதியைத் தயங்காமல் உருவாக்கலாம்.

2000 செப்டம்பரில் சேகாவின் இணைய சேவையான சேகாநெட் திறந்தது. மாதம் 21.95 டாலர். இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 200 டாலர் திரும்பக் கிடைக்கும். அதாவது கன்சோல் இலவசம், சேவைக்குத்தான் காசு. செல்பேசி நிறுவனங்களின் வியாபார முறை அது. ஆனால் அந்த ஒப்பந்தம் போட்டவருக்கு ஐந்தே மாதத்தில் கெட்ட செய்தி வந்தது. 2001 ஜனவரி 31-ல், ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. விற்றது மொத்தம் சுமார் 91 லட்சம் பெட்டிகள். சேகாவுக்குள் ஆன்லைனை விடாப்பிடியாக வலியுறுத்தியவர் தலைவர் இசாவோ ஒகாவா. நிறுவனத்தைக் காப்பாற்றத் தன்னுடைய சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்துவிட்டு, 2001 மார்ச்சில் இறந்துபோனார்.

அவர் காலத்தில் பிறந்த ஒரு கேம் மட்டும் இந்தக் கதை முழுக்க நம்மோடு வரும்: ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன். ஜப்பானில் 2000 டிசம்பரில் வெளிவந்தது, அடுத்த மாதமே அமெரிக்காவுக்கும் வந்தது. நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து வேட்டையாடும் விளையாட்டு. ஜப்பானில் ஒருவர் பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அது அமெரிக்கரின் திரையில் ஆங்கிலத்திலும் ஜெர்மானியரின் திரையில் ஜெர்மனிலும் தெரியும். ஐந்து மொழிகளுக்கு இந்த ஏற்பாடு இருந்தது. டயல்-அப் மோடத்தில், தொலைபேசிக் கம்பி வழியாக, முகம் தெரியாத நால்வர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். ஆன்லைன் விளையாட்டில் எனக்குப் பிடித்தமான எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ்: ஒரே கதவு, ஒரே சாவி

எக்ஸ்பாக்ஸின் பின்பக்கம் ஈதர்நெட் (இணையக் கம்பி) துளை உண்டு, உள்ளே 8 ஜிபி ஹார்ட் டிஸ்க் உண்டு. மோடம் கிடையாது. டயல்-அப்பில் லைவ் வேலை செய்யாது என்று மைக்ரோசாஃப்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இணையம் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை அப்போது டயல்-அப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். தெரிந்தே பாதிக்கு மேற்பட்ட வீடுகளை விட்டுக்கொடுத்தார்கள். நான் அன்றைக்கு வாங்குபவனாக இருந்திருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். இன்று திரும்பிப் பார்க்கையில் அது துணிச்சலான, சரியான முடிவு என்றே படுகிறது. எதிரே இருப்பவரின் இணைப்பு மெதுவாக இருந்தால் என் விளையாட்டும் சேர்ந்து கெடும். அந்தக் கீழ்மட்டத்தை அவர்கள் உயர்த்திப் பிடித்தார்கள்.

49.99 டாலர் கொடுத்தால் ஒரு தொடக்கப் பெட்டி. அதில் ஒரு வருடச் சந்தாவும் ஒரு ஹெட்செட்டும் இருக்கும். முதல் வாரத்திலேயே ஒன்றரை லட்சம் பெட்டிகள் விற்றன. இந்த ஹெட்செட்டில் ட்ரீம்காஸ்ட் மோடத்தின் பாடம் அப்படியே இருக்கிறது: எல்லோரிடமும் ஒன்று இருக்கும் என்று தெரிந்தால்தான் அதை நம்பி விளையாட்டை வடிவமைக்க முடியும். அதோடு ஒரே பெயர். ஒருமுறை ஒரு கேமர்டேக் எடுத்துவிட்டால் எல்லா கேம்களிலும் அதே பெயர், அதே நண்பர் பட்டியல். நண்பர் வேறு கேமில் இருந்தாலும் அவர் ஆன்லைனில் இருப்பது தெரியும், அழைப்பு அனுப்பலாம். இன்று இதெல்லாம் எல்லாக் கன்சோலிலும் சாதாரணம். அன்று மற்ற இரண்டிலும் இது இல்லை.

குறைகளும் இருந்தன. பதிவு செய்ய கிரெடிட் கார்டு வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பொருள். இன்னொன்று இதைவிடப் பெரியது. அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஸ்போர்ட்ஸ் கேம்களை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், லைவுக்கு வர மறுத்தது. வாடிக்கையாளரோடு உள்ள உறவு யார் கையில் இருப்பது என்பதுதான் சண்டை. எல்லோரும் மைக்ரோசாஃப்டின் ஒரே கதவு வழியாகப் போக வேண்டும், சாவியும் அவர்களிடமே இருக்கும் என்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 2004 மே மாதம்தான் சமரசம் ஆனது. ஆக, 2002-ல் மேடன் அமெரிக்கக் கால்பந்தைக் கன்சோலில் ஆன்லைனில் ஆட நினைத்தவருக்கு எக்ஸ்பாக்ஸ் உதவாது. அந்தக் கால்பந்தின் பருவம் நடக்கும் நவம்பரில் அந்த ஊரில் இது சின்னக் குறை இல்லை.

பிளேஸ்டேஷன் 2: ஆளுக்கொரு கதவு

சோனியின் அடாப்டர் 39.99 டாலர். பிளேஸ்டேஷன் 2-ன் முதுகில் இருந்த இடத்தில் திருகிப் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் விற்ற அடாப்டரில் டயல்-அப் மோடமும் ஈதர்நெட்டும் இரண்டும் இருந்தன. ஆண்டுச் சந்தா எதுவும் இல்லை. சர்வரை அந்தந்த கேமை வெளியிட்டவரே நடத்திக்கொள்ள வேண்டும். காசு வாங்குவதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம்.

வாங்குபவருக்கு இதில் சுதந்திரமும் உண்டு, தலைவலியும் உண்டு. மேடனுக்கு ஒரு பெயர், வேறொரு கேமுக்கு வேறொரு பெயர். நண்பர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று தெரிய அதே கேமுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். டயல்-அப் வழி இருந்தாலும் எல்லா கேமும் அதை ஏற்காது. அடாப்டரோடு அதே நாளில் வந்த சோகாம் என்ற ராணுவ விளையாட்டு பிராட்பேண்டில் மட்டும்தான் ஓடும். ஆனால் அந்த கேமின் பெட்டிக்குள்ளேயே ஹெட்செட் வைத்து விற்றார்கள். பதினாறு பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, தன் அணியோடு குரலில் பேசிக்கொண்டு ஆட முடிந்தது. சேவை அளவில் மைக்ரோசாஃப்ட் செய்ததை சோனி ஒற்றை கேமின் அளவில் செய்தது.

பின்னால் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் நேராக வந்து முட்டுகிறது. 2004 மார்ச்சில், இணையத்தில் மட்டுமே ஆட முடிகிற ஃபைனல் ஃபேன்டசி 11 அமெரிக்க பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து 99 டாலர். அதற்கு மேல் மாதச் சந்தா. அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொருக அதே முதுகுப்பக்க இடம் வேண்டும். அதே ஆண்டு இறுதியில் சோனி மெலிந்த புதிய பிளேஸ்டேஷன் 2-ஐக் கொண்டுவந்தது. ஈதர்நெட் உள்ளேயே வந்துவிட்டது. பின்னால் இருந்த இடம் போய்விட்டது. புதிய, அழகான பெட்டியை வாங்கியவர் அந்த விளையாட்டுக்குள் நுழையவே முடியாது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேம்கியூப்: சுண்டைக்காய் கால் பணம்

நின்டெண்டோ இரண்டு அடாப்டர்களை விற்றது: டயல்-அப்புக்கு ஒன்று, பிராட்பேண்டுக்கு ஒன்று. எதை எடுத்தாலும் 34.95 டாலர். அதற்குமேல் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டது. தன் சொந்த கேம் ஒன்றுக்குக்கூட இணைய விளையாட்டைச் சேர்க்கவில்லை. மாதக் கட்டணம் கட்டி விளையாட மக்கள் விரும்ப மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்க கேம்கியூபில் இணையத்தில் ஆட முடிந்தது ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் வரிசையை மட்டும்தான். செத்துப்போன ட்ரீம்காஸ்டின் அதே கேம், புது வீட்டில்.

அந்த சேகா கேமுக்கு மாதம் 8.95 டாலர். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் ஆன்லைனில் ஆடப்போகிறோம், வீட்டு இணையச் செலவு தனி, கேம் டிஸ்க்குகளின் விலையும் தனி என்று வைத்துக்கொள்வோம்.

பிளேஸ்டேஷன் 2-க்கு 199, அடாப்டர் 40. மொத்தம் 239.

எக்ஸ்பாக்ஸுக்கு 199, முதல் வருடச் சந்தாவும் ஹெட்செட்டும் 50, இரண்டாம் வருடத்துக்கு இன்னொரு 50. மொத்தம் 299.

கேம்கியூபுக்கு 149, அடாப்டர் 35, இருபத்துநான்கு மாதத்துக்குச் சுமார் 215. மொத்தம் 399.

அலமாரியில் மிக மலிவாக நின்ற பெட்டி, இரண்டே வருடத்தில் மூன்றிலும் அதிக விலையாகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பிளேஸ்டேஷன் 2-ல் மாதச் சந்தா கேட்கும் கேம்களுக்குப் போனால் அங்கேயும் கணக்கு மாறும் என்பதை மறைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தபோது நிலைமை இன்னும் மோசம்: மைக்ரோசாஃப்டுக்கு லைவ் சந்தா, சேகாவுக்கு மாதச் சந்தா, இரண்டும் கட்ட வேண்டும். ஒரே கேம், ஒரே வேட்டைக்காடு, இரண்டு இடத்தில் சுங்கம்.

இதோடு கேம்கியூபைத் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். நானும் இந்த ஒப்பீட்டைத் தொடங்கும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கதையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி போகிறது.

கம்பியில் போகும் நேரம்

ஆன்லைன் என்றால் எல்லா கேமுக்கும் ஒரே தேவை என்று நினைப்பதுதான் வாங்குபவர்கள் செய்யும் பொதுவான தவறு. நாம் அனுப்பும் செய்தி மறுமுனைக்குப் போய்ப் பதில் திரும்பிவர எடுக்கும் நேரத்தை பிங் என்கிறோம். நொடிக்கு 60 படம் வரையும் கேமில் ஒரு படத்துக்கான நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. டயல்-அப் மோடம் தன் பங்குக்கே நூறு மில்லிநொடிக்கு மேல் தின்றுவிடும். அதாவது ஆறு படம் தாமதம். துப்பாக்கி விளையாட்டில் ஆறு படம் என்றால், எதிரி சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகு நீங்கள் அவர் நின்ற இடத்தைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் மட்டும் எப்படி டயல்-அப்பில் தாக்குப்பிடித்தது? அதில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவது முக்கியமில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்று கம்ப்யூட்டர் விலங்குகளை அடிக்கிறார்கள். என் வாள் விலங்கின்மேல் பட்டதா என்பதை என் பெட்டியே கணக்கிட்டுக்கொள்ளும். உங்கள் திரையில் அந்த விலங்கு கொஞ்சம் தள்ளி நின்றாலும் யாருக்கும் பாதகமில்லை. கூட்டுறவு விளையாட்டு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், போட்டி விளையாட்டு பொறுக்காது. ஆகவே 2002-ல் பிராட்பேண்ட் வராத ஊரில் இருந்தவர் எக்ஸ்பாக்ஸா பிளேஸ்டேஷனா என்று யோசிப்பதற்கு முன், தான் ஆட விரும்புவது எந்த வகை என்று யோசித்திருக்க வேண்டும்.

லைவ் சந்தா கட்டியவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. 2004 நவம்பர் 9-ல் வந்து, முதல் நாளிலேயே 12.5 கோடி டாலருக்கு விற்று, லைவை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஹேலோ 2 என்ற துப்பாக்கி விளையாட்டில், ஆட்டம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் நடக்கவில்லை. ஆடுபவர்களில் ஒருவருடைய எக்ஸ்பாக்ஸே அந்த ஆட்டத்தை நடத்தும். மற்றவர்கள் அதோடு இணைவார்கள். நடத்துபவருக்குத் தாமதமே கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. சிலர் மோடத்தின் ஸ்டாண்ட்பை பொத்தானை அழுத்தி மற்றவர்களை உறையவைத்துவிட்டு, தாங்கள் மட்டும் சுற்றிவந்து சுட்டுவிட்டுப் போனார்கள். அது விளையாட்டையே அவமதிக்கும் செயல். நேர்மையாக ஆடவந்த பலரை அது வெறுப்பேற்றியது. அப்படியானால் 50 டாலர் எதற்கு? பெயருக்கும், நண்பர் பட்டியலுக்கும், திறமைக்கேற்ற எதிராளியைத் தேடிக் கொடுப்பதற்கும், ஏமாற்றுபவரைத் தடை செய்வதற்கும். அவை மதிப்புள்ள வேலைகள்தாம். ஆனால் எதற்குக் காசு போகிறது என்று தெரிந்து கொடுப்பது வேறு.

உங்கள் வீரன் எங்கே வசிக்கிறான்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது. ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனில் நீங்கள் நூறு மணி நேரம் ஆடி வளர்த்த வேட்டைக்காரன் உங்கள் மெமரி கார்டில் இருப்பான். ஃபைனல் ஃபேன்டசி 11-ல் அவன் சர்வரில் இருப்பான்.

கார்டில் இருந்ததால் பெரிய கேடு விளைந்தது. ஏமாற்று கருவிகளை வைத்து அபூர்வமான ஆயுதங்களை நகலெடுத்தார்கள். எங்கு பார்த்தாலும் நகல் ஆயுதம் என்றான பிறகு, கஷ்டப்பட்டுத் தேடியவருக்கு என்ன மரியாதை? மற்றவர்களின் சேமிப்பையே அழித்த கொடுமையும் நடந்தது. தெரியாதவர்களோடு ஆடப் பயந்து பூட்டிய அறைக்குள் நண்பர்களோடு மட்டும் ஆடியவர்கள் உண்டு. சர்வரில் வீரன் இருந்தால் இந்தத் திருட்டு எளிதில் நடக்காது.

ஆனால் சர்வர் அணைந்தால்? மேற்கு நாடுகளில் கேம்கியூபின் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் சேவை 2007-ல் முடிந்தது. வேட்டைக்காரன் கார்டிலேயே இருந்தான். அந்த டிஸ்க்கைப் போட்டு இன்றும் தனியாக ஆடலாம். திரையை நான்காகப் பிரித்து ஒரே சோபாவில் நால்வர் ஆடலாம். ரசிகர்கள் தாங்களே கட்டிய சர்வர்களில் அதே டிஸ்க்கை இணையத்தில் ஓட்டுகிறார்கள். ஃபைனல் ஃபேன்டசி 11-ன் பிளேஸ்டேஷன் 2 சேவை 2016 மார்ச்சில் நின்றபோது அந்த டிஸ்க்கும் அந்த ஹார்ட் டிஸ்க்கும் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டன. வீரன் மட்டும் தப்பினான், ஏனென்றால் அதே உலகம் கணினியிலும் ஓடிக்கொண்டிருந்தது; கணினி வாங்கியவர் தன் பழைய வீரனோடு தொடர முடிந்தது. ஒரு பெட்டியோடு மட்டும் கட்டப்படாத கேம் என்பது எவ்வளவு பெரிய காப்பீடு என்று இதிலிருந்து தெரிகிறது. ஜப்பானில் 2002-லேயே வெளிவந்த ஓர் ஆன்லைன் கேம் 14 வருடம் ஒரு கன்சோலில் வாழ்ந்தது என்பதையும் பாராட்டாமல் இருக்க முடியாது.

விளக்கு அணைந்த வரிசை

2010 ஏப்ரல் 15-ல் மைக்ரோசாஃப்ட் முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்களுக்கான லைவை மூடியது. பழைய கேம்களோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததால் சேவையில் புதிய வசதிகளைச் சேர்க்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரே கதவு என்பதன் மறுபக்கம் இதுதான். மூடும்போது எல்லா கேமும் ஒரே நாளில் மூடின. ஹேலோ 2-ல் இருந்த ஒரு சிறு கூட்டம் மட்டும் வெளியேற மறுத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவரின் இணைப்பு தானாக அறுபடாததால், பெட்டியை அணைக்காமல் நாட்கணக்கில் ஆடினார்கள். இணைப்பு போயும், பெட்டி சூடேறியும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடைசி ஆள் மே 11-ல் வெளியே விழுந்தார். இருபத்தாறு நாட்கள். ஒரு கேமுக்காக இப்படி விழித்திருந்தவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

சிதறிக் கிடந்த சோனி ஏற்பாட்டில் முடிவும் சிதறியே வந்தது. வருடா வருடம் புதுப் பதிப்பு வரும் ஸ்போர்ட்ஸ் கேம்களின் சர்வர்கள் சீக்கிரமே போயின. போன வருடத்து மேடன் சர்வரை வைத்திருப்பதில் வெளியிட்டவருக்கு லாபம் இல்லை. ஆனால் சோனியே நடத்திய சோகாம் 2012 வரை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் லைவின் முதல் தலைமுறையைவிட இரண்டு வருடம் கூடுதல். 2002-ல் எந்த விமர்சகரைக் கேட்டிருந்தாலும், பெரிய நிறுவனத்தின் ஒருங்கிணைந்த சேவைதான் நீண்ட நாள் இருக்கும் என்று சொல்லியிருப்பார். நானும் அப்படியே சொல்லியிருப்பேன்.

கேம்கியூபுக்குத் திரும்புவோம். இணையத்தில் கையைக் கட்டிக்கொண்ட நின்டெண்டோ, 2003-ல் வெளியிட்ட மரியோ கார்ட்: டபுள் டேஷ் கேமில் அதே பிராட்பேண்ட் அடாப்டரை வேறொன்றுக்குப் பயன்படுத்தியது. எட்டு கேம்கியூப்களை ஒரு ஹப்பில் (கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டியில்) இணைத்தால் பதினாறு பேர் ஒரே பந்தயத்தில் ஓடலாம். இதற்கு எந்த நிறுவனத்தின் சர்வரும் வேண்டாம். எனவே யாராலும் மூட முடியாது. 2001-ல் வந்த முதல் ஹேலோவிலும் இதே வழிதான்: லைவ் கிடையாது, நான்கு எக்ஸ்பாக்ஸைக் கம்பியால் இணைத்து பதினாறு பேர். அந்தக் கம்பியை இணையத்தின்மேல் நீட்டும் மென்பொருள்களை ரசிகர்கள் எழுதினார்கள். எக்ஸ்லிங்க் கய் அவற்றில் ஒன்று. சந்தா கட்டாமலேயே வேறு ஊர் ஆட்களோடு விளையாடினார்கள். 2001-ன் இன்னொரு கேம்கியூப் கேமான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் ஆன்லைன் ஒரு துளியும் இல்லை. 2020-ல் ஸ்லிப்பி என்ற ரசிகர் முயற்சி, கணினி வழியாக அதற்குத் தரமான ஆன்லைனைக் கொடுத்தது. பத்தொன்பது வருடம் கழித்து! ஒரே அறையில் உட்கார்ந்து ஆடும்படி முழுமையாகச் செய்யப்பட்டிருந்ததால்தான் அது அத்தனை காலம் காத்திருக்க முடிந்தது. முதல் எக்ஸ்பாக்ஸின் லைவுக்கும் ரசிகர்கள் 2022-ல் இன்சிக்னியா என்ற பெயரில் மாற்று சர்வரைக் கட்டி உயிர் கொடுத்தார்கள்.

சந்தா விஷயத்தில் ஜெயித்தது மைக்ரோசாஃப்டின் பதில்தான். 2006-ல் இலவசமாகத் தொடங்கிய சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க், 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் ஆடச் சந்தா கேட்டது. நின்டெண்டோவும் 2018 செப்டம்பரில் ஆண்டுக்கு 19.99 டாலர் என்று ஸ்விட்ச்சுக்குத் தொடங்கியது. மாதக் கட்டணத்தை மக்கள் விரும்ப மாட்டார்கள் என்று சொன்ன அதே நின்டெண்டோ. இன்று கன்சோல் வாங்குபவருக்கு இலவசப் பாதை என்ற தேர்வு, இலவச கேம்கள் சிலவற்றைத் தவிர, அநேகமாக இல்லை. அதனால் சேவைகளை விலையை வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு கேமாக எடுத்து, இணையம் இல்லாமல் இது ஆடுமா, ஒரே வீட்டில் இருவர் ஆட முடியுமா, கணினியிலும் இதே உலகம் உண்டா என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. 2024 மார்ச் 31-ல் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை மூடியபோது, அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. டிஸ்க் கையில் இருந்தது, உள்ளே போக வழி இல்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

அந்த நவம்பருக்கான என் தீர்ப்பு

பிராட்பேண்ட் இல்லாத வீடு என்றால் பிளேஸ்டேஷன் 2, பழைய தடித்த மாடல், 40 டாலர் அடாப்டரோடு. சந்தா இல்லை, டிவிடி படமும் பார்க்கலாம், கேம் பட்டியல் மற்ற இரண்டையும்விட நீளம். ஆன்லைன் கைவிட்டாலும் பெட்டி வீணாகாது. 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. இரண்டாம் கை டிஸ்க்குக்கும் பஞ்சம் வராது.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு, சனிக்கிழமை தோறும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நிறையும் கூடம் என்றால் கேம்கியூப். முன்பக்கம் நான்கு கண்ட்ரோலர் துளை இருக்கிறது. 34.95 டாலர் அடாப்டருக்குப் பதில் இரண்டு கண்ட்ரோலர் கூடுதலாக வாங்கச் சொல்வேன்.

பிராட்பேண்ட் இருக்கிறது, துப்பாக்கி விளையாட்டுதான் விருப்பம் என்றால் எக்ஸ்பாக்ஸ் என்று பட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் சொல்ல மாட்டேன். லைவின் உயிர் அந்த நண்பர் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் காலியாக இருந்தால் 50 டாலர் கொடுத்து வாங்கியது ஒரு ஹெட்செட்டை மட்டும்தான். எனவே கடைக்குப் போகும் முன் தொலைபேசியை எடுத்து, பள்ளித் தோழர்களோ பழைய சகாக்களோ, உண்மையில் யாரோடு ஆடப்போகிறேனோ அந்த நான்கு பேரையும் கூப்பிட்டு, நீ எதை வாங்கியிருக்கிறாய் என்று கேட்டிருப்பேன். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் நானும் அதையே வாங்கியிருப்பேன்.